ஏஜென்ட் சொன்னபடி எழுதிவிடலாமா? மின்சாரச் சொகுசுக் காருக்கு இன்சூரன்ஸ் தேடும் வாசகருக்கு

கேள்வி: சொகுசு மின்சாரக் கார் ஒன்று புக் செய்திருக்கிறேன். டெலிவரி இன்னும் எடுக்கவில்லை. இரண்டு இன்சூரன்ஸ் கம்பெனிகள் இந்த மாடலுக்குப் பாலிசி தருவதில்லை என்று சொல்லிவிட்டன. மூன்றாவது கம்பெனி சொன்ன பிரீமியத்தைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நான்காவதாக வந்த ஏஜென்ட், "முக்கியமாக ஓட்டுபவர் உங்கள் அப்பா என்று எழுதுங்கள். முந்தைய கம்பெனிகள் மறுத்ததையும், மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் வாங்கிய கிளெய்மையும் சொல்லாதீர்கள். பிரீமியம் பாதியாகிவிடும்" என்கிறார். அப்பாவுக்கு 68 வயது, லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் தினமும் ஓட்டப்போவது நான்தான். கூடுதல் வேகத்துக்கான சாஃப்ட்வேரையும் பணம் கட்டி வாங்கியிருக்கிறேன். அதையும் சொல்ல வேண்டுமா? பேட்டரிக்கு 8 வருட வாரன்டி இருப்பதால் அதற்கு இன்சூரன்ஸ் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிறார்கள் ஷோரூமில். சரிதானா?

பதில்: பிரீமியம் குறையும் என்று ஏஜென்ட் சொன்னது உண்மைதான். விபத்து நடந்த பிறகு அந்தப் பாலிசிக்கு என்ன மதிப்பு இருக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய வேலை வக்கீலான எனக்கு வந்திருக்கிறது.

காரைப் பற்றியும் அதை ஓட்டப்போகிறவரைப் பற்றியும் எல்லாம் தெரிந்தவர் நீங்கள். கம்பெனிக்குத் தெரிவது நீங்கள் எழுதிக் கொடுப்பது மட்டும். அதனால்தான் இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் எதையும் ஒளிக்காமல் நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. இந்த விதிக்கு வக்கீல்கள் எப்போதும் காட்டும் வழக்கு 1766-இல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்பளித்த கார்ட்டர் எதிர் போம். சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டையை எதிரி பிடித்துவிட்டால் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று கோட்டையின் ஆளுநர் எடுத்த காப்பீடு அது. பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்தும் விட்டார்கள்.

இந்த வழக்கில் ஜெயித்தது காப்பீடு எடுத்தவர்தான். கம்பெனி வக்கீல்கள் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டும்போது அந்தப் பாதியைச் சொல்ல மறந்துவிடுவார்கள். கோட்டையின் ஆளுநரே காப்பீடு கேட்கிறார், ஐரோப்பாவில் போர் நடக்கிறது. இது தெரிந்தும் ஒரு கேள்வி கேட்காமல் பிரீமியத்தை வாங்கிப் போட்டுக்கொண்டவர், அப்புறம் "எனக்குச் சொல்லவில்லையே" என்று புலம்ப முடியாது என்றார் நீதிபதி. உங்களுக்குப் பயன்படுவது இந்தப் பாதிதான். உள்ளதை எழுதிக் கொடுத்து, அதைப் பார்த்த பிறகும் கம்பெனி பிரீமியம் வாங்கிக்கொண்டால், அந்த விஷயத்தை வைத்துப் பின்னால் உங்கள் கழுத்தைப் பிடிப்பது அதற்குக் கஷ்டம்.

சட்டம் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். பழைய விதி ரொம்பக் கடுமையானது. முக்கியமான ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால், தெரியாமல் விட்டிருந்தாலும், பாலிசி முழுவதையும் கம்பெனி ரத்து செய்யலாம். பிரிட்டன் 2012-இல் கொண்டுவந்த நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் இதைத் தளர்த்தியது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். கவனக்குறைவால் தப்பாகச் சொல்லிவிட்டால் கிளெய்ம் அந்த அளவுக்குக் குறையும். 100 வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் 60 பிரீமியம் வாங்கியிருந்தால், கிளெய்மிலும் 60 சதவீதம் கிடைக்கும். ஆனால் அந்தத் தளர்ந்த சட்டத்திலும் தெரிந்தே பொய் எழுதியவருக்கு இடமில்லை. பாலிசி போகும், பெரும்பாலும் கட்டிய பிரீமியமும் போகும். உங்கள் நாட்டில் எந்த விதி நடப்பில் இருந்தாலும், ஏஜென்ட் உங்களை எழுதச் சொல்வது தெரிந்தே சொல்லும் பொய் என்ற கணக்கில்தான் வரும்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். குடும்பத்தில் வயதானவர் பெயரைப் போட்டுவிட்டு இளையவர் ஓட்டுவது பழைய தந்திரம். முன்பெல்லாம் கண்டுபிடிப்பது சிரமம், பக்கத்து வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். உங்கள் கார் அப்படிப்பட்டதில்லை. யாருடைய போனை வைத்துக் கதவு திறந்தது, எந்த ஓட்டுநரின் புரொஃபைலில் சீட்டும் கண்ணாடியும் நகர்ந்தன, தினமும் காலையில் எங்கே புறப்பட்டு எங்கே நின்றது, மோதுவதற்கு முன் பிரேக்கில் கால் இருந்ததா என்பதையெல்லாம் பதிந்து வைக்கும் வசதி இந்த ரகக் கார்களில் இருக்கிறது. பெரிய தொகைக்குக் கிளெய்ம் போட்டால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான். "முக்கியமாக ஓட்டுபவர் அப்பா" என்று நீங்கள் எழுதியிருக்க, உங்களுக்கு எதிராக உங்கள் காரே சாட்சி சொல்லும். அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் மோசடிப் புகார் அவர் பக்கமும் திரும்பலாம். 68 வயதில் அவருக்கு எதற்கு இந்த வம்பு?

ஏஜென்ட்தானே எழுதினார், பொறுப்பு அவருடையது இல்லையா என்று கேட்பீர்கள். 1929-இல் இங்கிலாந்தில் பஸ் முதலாளிகள் சிலரும் இதையேதான் கேட்டார்கள். அவர்கள் ஏஜென்டிடம் உண்மையைச் சொல்லியிருந்தார்கள், அவர்தான் படிவத்தில் தவறாக நிரப்பினார். அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். படிவத்தை நிரப்பும் வேலையில் ஏஜென்ட் உங்கள் ஆளாகத்தான் இருந்தார், எழுதியது உங்கள் பதில்தான் என்று கோர்ட் சொல்லிவிட்டது. நியூஷோம் பிரதர்ஸ் வழக்கு என்று அதற்குப் பெயர். பிந்தைய சட்டங்கள் சில நாடுகளில் இதை மாற்றியிருக்கின்றன. இருந்தாலும் உண்மையைச் சொன்னவர்களுக்கே அந்த நிலைமை என்றால், பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போடுகிறவர் எதைச் சொல்லித் தப்பிப்பார்?

பழைய மறுப்புகளைப் பற்றிக் கேள்வி வழக்கமாக இப்படி இருக்கும்: "இதற்கு முன் எந்தக் கம்பெனியாவது உங்களுக்குக் காப்பீடு மறுத்ததா, ரத்து செய்ததா, சிறப்பு நிபந்தனை விதித்ததா?" இங்கே ஒரு நுணுக்கம் பாருங்கள். உங்களை, உங்கள் ஓட்டும் வரலாற்றைப் பார்த்து மறுப்பது வேறு, இந்த மாடலையே நாங்கள் எடுப்பதில்லை என்பது வேறு. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இரண்டாவது ரகம் போலத் தெரிகிறது. அப்படியானால் "ஆம்" என்று எழுதி, பக்கத்திலேயே "மாடல் காரணமாக" என்று ஒரு வரி சேர்த்தால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. அந்த இரண்டு கம்பெனிகளிடமும் காரணத்தைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் வாங்கி வையுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய கிளெய்மைப் பொறுத்தவரை, படிவம் எத்தனை வருடத்தைக் கேட்கிறதோ அதற்குள் வந்தால் எழுத வேண்டியதுதான். கம்பெனிகள் ஒருவருக்கொருவர் கிளெய்ம் விவரத்தைச் சரிபார்க்கும் பொதுப் பதிவேடுகள் பல நாடுகளில் இருக்கின்றன. "யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று ஏஜென்ட் சொன்னால், அது பாலிசி விற்கும் நாளுக்கு மட்டும் பொருந்தும்.

சாஃப்ட்வேர்? சொல்லுங்கள். கார் கம்பெனியே விற்கிற அப்டேட்தானே, மெக்கானிக் ஷெட்டில் செய்த மாற்றமா என்ன என்று வாதாடலாம், அந்த வாதத்தில் பலமும் உண்டு. ஆனால் காரின் வேகம் எடுக்கும் திறன் கூடியது என்பது பிரீமியத்தைத் தீர்மானிக்கிற விஷயம். டெஸ்லா போன்ற நிறுவனங்கள் இப்படி வேகத்தைக் கூட்டும் அப்டேட்டைக் காரை விற்ற பிறகும் இணையம் வழியாக விற்கின்றன. பாலிசி நடுவில் வாங்கினாலும் ஒரு வரி எழுதிப்போட்டு எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் எழுத்தில் சேர்க்கும் திருத்தம்) கேட்டுவிடுங்கள்.

இனி பேட்டரி. ஷோரூமில் சொன்னது பாதி உண்மை. எனக்கு வரும் மின்சாரக் கார் வழக்குகளில் அதிகச் சண்டை இந்த இடத்தில்தான்.

வாரன்டி என்பது தயாரிப்புக் குறைக்கு. பல கார் கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருகின்றன. கல் அடித்தால், தண்ணீரில் மூழ்கினால், யாராவது மோதினால் அதில் ஒன்றும் கிடைக்காது. இன்சூரன்ஸ் என்பது வெளியிலிருந்து வரும் விபத்துக்கு. தேய்மானமும் "மின்சார, இயந்திரப் பழுது" என்பதும் அதில் விலக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. பேட்டரி செத்தால் வாரன்டிக்காரர் "வெளியே அடிபட்டிருக்கிறது" என்பார், இன்சூரன்ஸ்காரர் "உள்ளே பழுதாகியிருக்கிறது" என்பார்.

என் கட்சிக்காரர் ஒருவருக்கு நடந்தது இது. நெடுஞ்சாலையில் லாரியிலிருந்து விழுந்த இரும்புத் துண்டின்மேல் கார் ஏறியது. ஒரு சத்தம், அவ்வளவுதான். கார் ஓடியது, அவரும் மறந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால், அடித்தட்டில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பள்ளம். பேட்டரி இந்தக் கார்களில் தரைக்கு அடியில் பலகை போலப் படுத்திருக்கும். அந்தப் பெட்டி நசுங்கினால் உள்ளே செல்களுக்கு என்ன ஆனது என்று உத்தரவாதம் தர யாரும் தயாரில்லை, ஏனென்றால் சேதமான செல் பல நாள் கழித்தும் தீப்பிடிக்கக்கூடும். முழுப் பேட்டரியையும் மாற்ற எஸ்டிமேட் கொடுத்தார்கள். வாரன்டி மறுத்தது. இன்சூரன்ஸ் கம்பெனி "பழுது" என்றது, கூடவே "தாமதமாகச் சொன்னீர்கள்" என்றும் சேர்த்துக்கொண்டது. எங்களைக் காப்பாற்றியது இரண்டு விஷயம்: லிஃப்டில் எடுத்த போட்டோவில் பள்ளத்தின் ஓரம் தெரிந்த கீறல், அப்புறம் அந்த நாளில், அந்த நிமிடத்தில் காரின் பதிவில் இருந்த ஓர் அதிர்வுக் குறிப்பு. சமரசத்துக்கு வந்தார்கள். விளக்கு எரியும்வரை காத்திருக்காமல் அடிபட்ட அன்றே சொல்லியிருந்தால் அந்த ஏழு மாத அலைச்சலே இருந்திருக்காது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் கம்பெனிக்கு எழுத்தில் சில கேள்விகள் கேளுங்கள். சாலையில் கிடக்கும் பொருள் அடித்துப் பேட்டரி சேதமானால் பாலிசி தருமா? தண்ணீர் புகுந்தால்? சார்ஜ் செய்யும்போது மின் அழுத்தம் எகிறிச் சேதமானால்? புதுப் பேட்டரி போட்டால் தேய்மானம் என்று எவ்வளவு கழிப்பீர்கள்? கடைசிக் கேள்வியைத்தான் மக்கள் விட்டுவிடுகிறார்கள். நான்கு வருடப் பேட்டரிக்குப் பதில் புதிது வந்தால், உங்களுக்கு லாபம் கிடைத்துவிட்டது என்று கம்பெனி ஒரு பங்கைக் கழிக்கும். பேட்டரிதான் காரிலேயே விலை உயர்ந்த பாகம் என்பதால் அந்தப் பங்கு சின்னதாக இருக்காது. தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன், அதாவது பாலிசியோடு கூடுதலாகச் சேர்த்து வாங்கும் பாதுகாப்பு, இருக்கிறதா, அதில் "பேட்டரி" என்ற சொல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'எல்லா பாகமும்' என்று ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பி உட்காராதீர்கள்.

பாலிசியின் வாசகம் குழப்பமாக இருந்தால், அதை எழுதிய கம்பெனிக்கு எதிராகத்தான் கோர்ட் பொருள் கொள்ளும். ஐந்து பேர் உட்காரும் காரில் ஆறு பேர் போனதைக் காட்டி, "அளவுக்கு மீறிய சுமை" என்று ஒரு கம்பெனி மறுத்தது. சுமை என்றால் சாமான், ஆட்கள் இல்லை என்று 1950-களில் ஆங்கிலேய நீதிமன்றம் அதன் கையை முறுக்கியது. ஆனால் அந்த வெற்றிக்கு மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது. இன்று ஒரு மின்னஞ்சல் அனுப்புவது அதைவிட மலிவு.

கார் எவ்வளவு மதிப்புக்கு எடுக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். இந்த ரகக் கார்களின் மறுவிற்பனை விலை வேகமாக இறங்குகிறது, பேட்டரியை மாற்றும் செலவு அந்த வேகத்தில் இறங்குவதில்லை. விளைவு, சின்ன விபத்திலேயே பழுதுச் செலவு காரின் மதிப்பை நெருங்கி 'மொத்தச் சேதம்' என்று முடிவாகிவிடும். அப்போது கிடைப்பது சந்தை விலையா, முன்பே ஒப்புக்கொண்ட விலையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒப்புக்கொண்ட விலைக்குப் பாலிசி கிடைத்தால் எடுங்கள். கடனில் வாங்கியிருந்தால், கிடைக்கும் தொகைக்கும் மீதிக் கடனுக்கும் உள்ள இடைவெளிக்குத் தனிக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பிரீமியத்தை நேர்வழியில் குறைக்க இடம் இருக்கிறது. ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்கும் பங்குத் தொகையைக் கூட்டிக்கொள்ளுங்கள், சின்னச் சிராய்ப்புக்கெல்லாம் கிளெய்ம் போடப் போவதில்லை என்றால் இது நல்ல பேரம். ஓட்டுபவர் நீங்களும் அப்பாவும் மட்டும் என்று பெயர் குறித்துக் கட்டுப்படுத்துங்கள். இங்கே அப்பாவின் பெயர் நேர்மையாகவே உதவலாம், எப்போதாவது ஓட்டும் இரண்டாவது ஓட்டுநராக. வருட ஓட்டத்துக்கு வரம்பு, கண்காணிப்புக் கருவி, பூட்டிய இடத்தில் நிறுத்துவது எல்லாம் பேசிப் பார்க்கலாம். ஆனால் இரவு தெருவில்தான் நிற்கும் என்றால் 'பூட்டிய ஷெட்' என்று எழுதாதீர்கள், அதுவும் அதே பொய்தான்.

மூன்றாம் நபர் காப்பீடாவது நடப்பில் இல்லாமல் காரை ஷோரூமிலிருந்து எடுக்க வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் அது கட்டாயம், ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் குற்றம். சொந்தச் சேதத்துக்கான பாலிசி முடிவாகவில்லை என்றால் டெலிவரித் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

ஏஜென்ட் நீட்டிய படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால், பாலிசி தொடங்கும் முன் இன்றைக்கே கம்பெனியின் அலுவலகத்துக்கு நேராக, ஏஜென்ட் வழியாக இல்லாமல், ஒரு திருத்தக் கடிதம் அனுப்புங்கள்: "முக்கிய ஓட்டுநர் நான். என் முந்தைய கிளெய்ம் இது. இரண்டு கம்பெனிகள் மாடல் காரணமாக மறுத்தன. வேக சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறேன். இவற்றைச் சேர்த்துப் பரிசீலிக்கவும்." ஐந்தே வரி போதும். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையையும், கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.