கம்ப்ரஸர் வைத்தால் கலை இல்லையா?

கேள்வி: ஜப்பானியக் கலைஞர் சுயெஹாரு ஃபுகாமியின் பீங்கான் சிற்பங்களைப் படத்தில் பார்த்தேன். களிமண் குழம்பைக் கம்ப்ரஸர் வைத்து அச்சில் ஏற்றுகிறாராம். கை படாத வேலையைக் கலை என்று எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

பதில்: கை படவில்லை என்று யார் சொன்னது? கை பட்ட தடம் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தத் தடம் தெரியக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை பாடு.

ஃபுகாமி 1947இல் கியோட்டோவில் பிறந்தவர். அவர் தேடியது கத்தி அலகு மாதிரி நீண்டு, லேசாக வளைந்து நிற்கும் உருவம். குயவர் திருகையில் சுற்றும் மண் வட்டமாகத்தான் எழும். அதிலிருந்து இது வராது. சரி, அச்சில் சும்மா ஊற்றினால்? அச்சின் பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்ச, மண் ஓரமாகப் படியும். கிண்ணத்துக்கும் டீ ஜாடிக்கும் அது போதும். பெரிய உருவம் என்றால் அங்கங்கே காற்றுக்குமிழ் தங்கும், மண் ஒரே சீராகப் படியாது. சூளையில் விரிசல் விடும். குழம்பை அழுத்தி ஏற்றினால்தான் மண் இறுகிப் படிகிறது. கம்ப்ரஸர் வந்தது இதற்காக.

அச்சைப் பிரித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. உருவத்தை நிதானமாகக் காயவிட்டு, கடினமான உலோக அலகால் விளிம்பைச் சுரண்டிச் சுரண்டிக் கூராக்க வேண்டும். ஒரு இடத்தில் கை தவறினால் மொத்தமும் போச்சு. அப்புறம் சூளை. வேகும்போது பீங்கான் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். அவ்வளவு நீள உருவம் கோணாமல் வெளியே வருவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

மேலே உள்ள கண்ணாடி மாதிரிப் பூச்சையும் கவனியுங்கள். ஜப்பானில் 'செய்ஹகுஜி' என்பார்கள், சோங் அரச மரபின் காலத்துச் சீனாவில் ஜிங்தேஜென் சூளைகள் பெயர் வாங்கிய நீலம் கலந்த வெண்மை. சூளைக்குள் பிராணவாயுவைக் குறைத்து எரிக்கும்போது, பூச்சில் இருக்கும் துளியூண்டு இரும்பு அந்த நீலத்தைக் கொடுக்கிறது. குழிவில் பூச்சு தேங்கி நிறம் ஆழமாகும். கூரான விளிம்பில் அது நிற்காமல் வழிந்துவிட, உள்ளே இருக்கும் வெள்ளை ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை யாரும் வரையவில்லை. சுரண்டிய கைதான் அதற்கு இடம் வைத்தது.

1985இல் இத்தாலியின் ஃபாயென்சா நகரில் நடந்த சர்வதேசப் பீங்கான் போட்டியில் பெரும்பரிசு இவருக்குத்தான். வெண்கலச் சிலையையும் அச்சில் ஊற்றித்தான் எடுக்கிறார்கள். அங்கே கேட்காத கேள்வியை மண்ணிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?