கேளுங்கள், கழற்றிப் பார்ப்போம்: 3200 ரேம் போட்டால் பறக்குமா?

கேள்வி: சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். செகண்ட் ஹேண்டில் திங்க்பேட் டி480 வாங்கினேன். ஐ5-8250யூ, 8 ஜிபி ரேம். டேலி, நாலைந்து எக்செல், குரோம் எல்லாம் ஒன்றாகத் திறந்தால் திணறுகிறது. கடைக்காரர், "2400 எதுக்கு மேடம், 3200 போடுங்க, பறக்கும்" என்று கூடுதல் விலை சொல்கிறார். வாங்கலாமா? எத்தனை ஜிபி போடுவது?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: 3200 ரேம் உங்கள் லேப்டாப்பில் உட்காரும், வேலையும் செய்யும். ஆனால் 2400 வேகத்தில்தான் ஓடும். மெமரியை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலர் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. ஐ5-8250யூ-வுக்கு டிடிஆர்4-இல் (உங்கள் லேப்டாப்பில் உள்ள ரேம் வகை) இன்டெல் வைத்த உச்சவரம்பு 2400. ஒரே விலைக்குக் கிடைத்தால் 3200-ஐயே தாராளமாக வாங்குங்கள். அதற்காகக் கூடுதல் காசு மட்டும் வேண்டாம். பறக்கும் என்றது வியாபாரப் பேச்சு.

அதற்கு முன், குறை ரேமில்தானா என்று பார்த்துவிடுங்கள். வழக்கமான வேலை முழுவதையும் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. நாள் முழுக்க 90 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். பாதி அளவுதான் காட்டுகிறது, ஆனாலும் திணறல் என்றால் டிஸ்க்கைப் பாருங்கள். பழைய டி480 சிலவற்றில் சுழலும் ஹார்டுடிஸ்க்கே இன்னும் இருக்கும். அப்படியானால் முதல் செலவு எஸ்எஸ்டி-க்கு (சுழலாத, வேகமான டிஸ்க்), ரேம் அப்புறம்.

அதே மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று ஒரு வரி உண்டு. ஸ்லாட் என்றால் ரேம் சொருகும் இடம்; டி480-இல் இரண்டு. 2-இல் 1 என்று காட்டினால் இன்னொரு 8 ஜிபி வாங்கிச் சொருகினால் முடிந்தது, மொத்தம் 16. உங்கள் வேலைக்கு அது போதும். இரண்டு ஸ்டிக் சேர்ந்தால் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் ஓடும். திரைக்கான கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்கு போடுகிறது என்பதால் அதற்கும் நல்லது. இரண்டும் நிரம்பியிருந்தால் (4+4) ஒன்றைக் கழற்றிவிட்டு 16 போடுங்கள். 4-ம் 16-ம் சேர்ந்தும் ஓடும், ஜோடி பார்க்கத் தேவையில்லை. மாடல் பெயரை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்: டி480எஸ் என்றால் அது வேறு மெஷின். அதில் ஒரு பகுதி ரேம் போர்டிலேயே பற்றவைத்தது, ஸ்லாட் ஒன்றுதான்.

கடையில் 'டிடிஆர்4, லேப்டாப் ரேம், 1.2 வோல்ட்' என்று கேளுங்கள். லேபிளில் பிசி4-2400 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். பிசி4-19200 என்று போட்டிருந்தாலும் அது 2400-தான், குழம்ப வேண்டாம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை போகிற போக்கு தெரியும்தானே, சிப் எல்லாம் ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போகிறது. அதனால் பழைய லேப்டாப்பில் கழற்றிய சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் ரேம் கிடைத்தால் வாங்குவேன். பேட்டரி மாதிரி தேய்கிற பொருள் இல்லை. ஒரு வாரம் திருப்பித் தரும் வாய்ப்பு மட்டும் கேட்டு வாங்கி, முதல் நாள் ராத்திரியே மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் புரோகிராம்) ஓடவிடுங்கள்.

மாட்டும்போது ஒரு விஷயம். இந்த மாடலில் வெளி பேட்டரி போக, உள்ளேயும் ஒரு பேட்டரி உண்டு. பலர் வெளியே உள்ளதைக் கழற்றிவிட்டு மின்சாரம் போய்விட்டது என்று நினைத்துக் கை வைக்கிறார்கள். ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி, கான்ஃபிக், பவர் என்று போய், உள் பேட்டரியை டிஸேபிள் செய்த பிறகே லேப்டாப்பைத் திறவுங்கள். வேலை முடிந்து சார்ஜர் செருகினால்தான் மறுபடி உயிர் வரும். முதல் தடவை திரை கொஞ்ச நேரம் இருட்டாகவே இருக்கலாம். பதறி அணைக்காதீர்கள்.

8-ஆம் தலைமுறை பிராசசர் என்பதால் விண்டோஸ் 11 இதை ஏற்கும். இந்த மெஷினுக்குச் செலவு செய்வதில் தப்பில்லை.

கேள்வி: மேக்புக் ஏர் எம்1, 8 ஜிபி. 16 ஆக்க முடியுமா?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: முடியாது. பிராசசரோடு ஒரே பொதியில் ரேமும் இருக்கிறது. செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: துபாயிலிருந்து மாப்பிள்ளை டிடிஆர்5 ரேம் வாங்கி வந்திருக்கிறார். என்னுடையது டிடிஆர்4 லேப்டாப். கொஞ்சம் அழுத்தினால் போகுமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: ஐயா, அழுத்தாதீர்கள்! டிடிஆர்4-க்கு 260 பின், டிடிஆர்5-க்கு 262. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். ஸ்லாட் உடைந்தால் மதர்போர்டு செலவு. பில் இருந்தால் அடுத்த பயணத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் இப்போதைய விலைக்கு ஊரிலேயே நல்ல காசுக்குப் போகும். மாப்பிள்ளையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.