மூன்று பாடம், அதே 25 பேர்

தம்பி, நீ கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், உன்னைப் போலப் புதிதாக வந்தவர்களுக்கும் புரியட்டும். திருநெல்வேலியில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, கிரீன் கார்டில் அப்பா அம்மாவோடு நியூயார்க் குயின்ஸுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் பட்டம் தரும் அரசுக் கல்லூரி) இடம் கிடைத்துவிட்டது. ஆங்கிலக் கட்டுரை, சமூகவியல், ஒரு கிரெடிட் (பாடத்தின் அளவும் கட்டணமும் இந்தக் கணக்கில்தான்) முதலாண்டு வகுப்பு என்று மூன்றையும் ஒரே கட்டாக எடுக்கச் சொல்கிறார், பாடம் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் அட்வைசர். மூன்றிலும் அதே மாணவர்கள்தான், அதன் பெயர் 'லேர்னிங் கம்யூனிட்டி'. "படிப்பு ஏறாத பிள்ளைகளைத்தான் அதில் போடுவார்கள், தனித்தனியாகவே எடு" என்கிறார் உன் மாமா. மாலையில் மளிகைக்கடை வேலை வேறு இருக்கிறது, அந்தக் கட்டில் நேரத்தை மாற்ற முடியாது. சேரலாமா, வேண்டாமா?

சேர்ந்துவிடு. மாமா சொல்வதை ஏன் கேட்க வேண்டாம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் இதே அறிவுரைதான் கிடைத்தது.

நான் கும்பகோணத்தில் பி.காம். 'பி' செக்‌ஷன். மூன்று வருடமும் அதே அறுபது பேர். எவள் நோட்ஸ் தருவாள், எவள் தரமாட்டாள், ஒருநாள் வராவிட்டால் மறுநாள் யாரிடம் கேட்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை, தானாகத் தெரிந்தது. காலேஜ் என்றால் அதெல்லாம் கூடவே வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே வராது. அமெரிக்கக் காலேஜில் 'நம்ம கிளாஸ்' என்று ஒன்று கிடையாது. நீ எடுக்கும் நான்கு பாடத்துக்கும் நான்கு விதமான கூட்டம். ஒரு பாடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவனை அந்தப் பாடத்தின் அடுத்த வகுப்பில்தான் மறுபடி பார்ப்பாய். கம்யூனிட்டி காலேஜில் ஹாஸ்டலும் பெரும்பாலும் இல்லை. எல்லோரும் வேலையிலிருந்து ஓடி வருவார்கள், வகுப்பு முடிந்ததும் ரயிலுக்கு ஓடுவார்கள்.

முதல் செமஸ்டரில் நான் தனித்தனியாக நான்கு பாடம் எடுத்தேன். காலேஜ் பெயர் வேண்டாம். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டுத் திரும்பிப் போனால் கணக்குப் பாடத்தில் பரீட்சையே முடிந்திருந்தது. தேதி சிலபஸில் இருந்ததாம். சிலபஸ் என்றால் நம் ஊர் மாதிரி பாடத்திட்டம்தான் என்று நினைத்து நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இங்கே தேதி, மார்க் கணக்கு, தாமதமானால் என்ன தண்டனை என்று எல்லாமே அந்தத் தாளில்தான். கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். கடைசியில் அந்தப் பாடத்திலிருந்து விலகி, மார்க் பட்டியலில் 'டபிள்யூ' வாங்கிக்கொண்டேன். கட்டின பணம் போனது போனதுதான்.

அடுத்த செமஸ்டர் உனக்குச் சொல்கிற இதே கட்டில்தான் சேர்ந்தேன். வகுப்பில் 24 பேர். ஈக்வடார், வங்கதேசம், ஹைட்டி, சீனா, அப்புறம் இதே ஊரில் பிறந்து வளர்ந்த நாலைந்து பிள்ளைகள். வாரம் முழுக்க மூன்று வகுப்பிலும் அதே முகங்கள். இரண்டாம் வாரமே ஒருத்தி எல்லோருடைய போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள். எனக்கு 'பி' செக்‌ஷன் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

ஆனால் கூட்டம் சேர்ப்பது மட்டும் இதன் வேலை என்று நினைத்துவிடாதே. பாடங்களும் ஒன்றோடொன்று பேச வேண்டும். சமூகவியலில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: வேறு நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் அவருடைய முதல் நாளைப் பற்றிக் கேட்டு எழுதி வர வேண்டும். நான் எங்கள் கட்டடத்தில் குடியிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். அந்தக் குறிப்புகளையே வைத்து ஆங்கில வகுப்பில் கட்டுரை எழுதினோம், திருத்தினோம், மறுபடி எழுதினோம். இரண்டு பாடத்துக்கும் ஒரே உழைப்பு. அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நம் ஊரில் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதினால் முழு மார்க். அதே பழக்கத்தில் சமூகவியல் பாடநூலிலிருந்து இரண்டு பத்தியைக் கட்டுரையில் இறக்கிவிட்டேன். ஆங்கில ஆசிரியை அந்தப் பாடநூலைப் படித்திருந்தார்! சமூகவியல் ஆசிரியரும் அவரும் வாராவாரம் உட்கார்ந்து பேசுவார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. மார்க் போடுவதற்கு முன்பே கூப்பிட்டு, மேற்கோள் எப்படிக் காட்டுவது, சொந்த வார்த்தையில் எப்படிச் சொல்வது என்று அரைமணி நேரம் சொல்லித்தந்தார். தனியாக எடுத்திருந்தால் அது நேராக ஒழுங்கு நடவடிக்கைக்குப் போயிருக்கும். இங்கே காப்பி அடிப்பது பெரிய குற்றம், 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்பது செல்லாது.

இப்போது மாமா விஷயம். இது மக்குப் பிள்ளைகளுக்காகக் கண்டுபிடித்தது இல்லை. 1927-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் மைக்கிள்ஜான் என்பவர் ஒரு சோதனைக் கல்லூரி நடத்தினார். தனித்தனிப் பாடம் என்பதே இல்லாமல், முதல் வருடம் முழுக்கப் பழைய ஏதென்ஸ், இரண்டாம் வருடம் முழுக்க நவீன அமெரிக்கா. 1932-ல் அதை மூடிவிட்டார்கள், ஆனால் யோசனை சாகவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் எவர்கிரீன் என்ற அரசுக் கல்லூரி 1971-ல் இந்த முறையிலேயே தொடங்கி இன்னும் ஓடுகிறது. நம் குயின்ஸில் லாகார்டியா கம்யூனிட்டி காலேஜ் எழுபதுகளிலிருந்தே பாடங்களைக் கோத்து நடத்துகிறது. (7-ம் நம்பர் ரயிலில் போகும்போது பார், அந்தக் காலேஜின் ஒரு கட்டடம் ஒரு காலத்தில் சன்ஷைன் பிஸ்கட் தொழிற்சாலை.) பெரிய பல்கலைக்கழகங்களிலும் ஹானர்ஸ் பிள்ளைகளுக்கு, அதாவது நன்றாகப் படிக்கிறவர்களுக்கு, இதே ஏற்பாடு உண்டு. மாமா தன் பிள்ளையை அப்படி ஓர் இடத்தில் சேர்த்துவிட்டுப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடும்.

சரி, பலன் உண்டா? அதையும் ஏற்றிச் சொல்லாமல் சொல்கிறேன். புரூக்ளினில் கிங்ஸ்பரோ கம்யூனிட்டி காலேஜில் 2003-லிருந்து 2005 வரை சுமார் 1,500 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு மூன்று பாடக் கட்டு, வகுப்புக்கு 25 பேர் வரை, புத்தகம் வாங்கக் கூப்பன், கூடுதல் டியூட்டர். மறுபாதிக்கு வழக்கமான ஏற்பாடு. முதல் செமஸ்டரில் கட்டில் இருந்தவர்கள் தெளிவாக முன்னால் நின்றார்கள், அதிகப் பாடங்களில் தேறினார்கள். கட்டு முடிந்து எல்லோரும் சிதறியதும் அந்த வித்தியாசம் குறைந்துபோனது. பின்னால் வேறு காலேஜ்களில் செய்த சோதனைகளிலும் பலன் சிறியதாகத்தான் இருந்தது.

எனக்கும் அப்படித்தான் ஆனது. கட்டு முடிந்த அடுத்த செமஸ்டரில் எங்கள் 24 பேரில் என்னோடு ஒரே பாடத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். நாங்கள் மூவரும் பிடிவாதமாக ஒன்றாகவே பாடம் தேர்ந்தெடுத்தோம். அதைத்தான் உனக்கும் சொல்வேன்: நவம்பரிலேயே, அடுத்த செமஸ்டருக்குப் பதிவு திறக்கும்போதே, ஒன்றிரண்டு பேரோடு பேசிவைத்துக்கொள். காலேஜ் உனக்காகக் கட்டித்தருவது ஒரு செமஸ்டர்தான்.

ஒரு குறையும் உண்டு. எப்போதும் அதே ஆட்கள் என்பதால் சில குழுக்கள் பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடும். பின்வரிசையில் அரட்டை, ஒருத்தன் வகுப்புக்கு மட்டம் போட்டால் நாலு பேர் மட்டம் போடுவது. எங்கள் குழுவிலும் ஒரு கூட்டம் அப்படி இருந்தது. எந்தப் பக்கம் உட்காருகிறாய் என்பதை முதல் வாரமே பார்த்து முடிவு செய்.

அட்வைசரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இருக்கின்றன. இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து ஏதாவது ஒப்படைப்பு தருகிறார்களா, இல்லை அதே பிள்ளைகளை வெறுமனே மூன்று அறைக்கு அனுப்புகிறார்களா? சில இடங்களில் பெயர் மட்டும்தான் கட்டு, ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இருக்காது. அப்படியென்றால் பாதிப் பலன்தான், ஆனாலும் முகம் தெரிந்த 25 பேர் கிடைப்பார்கள். அந்த ஒரு கிரெடிட் வகுப்பை நடத்துபவர்தான் உன் அட்வைசரா என்றும் கேள். அவராகவே இருந்தால் மிக நல்லது, வாரா வாரம் உன்னைப் பார்ப்பார். மிக முக்கியமாக, ஒரு பாடத்தை விட்டால் மற்ற இரண்டையும் விட வேண்டுமா என்று கேட்டுவிடு. பல இடங்களில் அதுதான் விதி. நடுவில் ஒன்றை மட்டும் கழற்றிவிட முடியாது.

பணத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் 12 மாதம் குடியிருந்தால்தான் இங்கத்தியக் கட்டணம். அதுவரை கியூனி (நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம்) கம்யூனிட்டி காலேஜ்களில் ஒரு கிரெடிட்டுக்கு 320 டாலர். பகுதிநேரமாகப் படிக்கும் உள்ளூர்க்காரருக்கு 210 டாலர். உன் கட்டு 3, 3, 1 என்று ஏழு கிரெடிட், ஆக 2,240 டாலர். உள்ளூர்க்காரருக்கு 1,470. மத்திய அரசின் பெல் உதவித்தொகைக்கு கிரீன் கார்டுக்காரர்கள் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவார்கள். அதற்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடு. முதல் செமஸ்டரில் ஏழு கிரெடிட்டோடு நிறுத்திக்கொண்டால் செலவும் அடங்கும், கடை வேலையும் பார்க்கலாம்.

உள்ளூர்க் கட்டணத்துக்குத் தகுதி வந்ததும் 'அசாப்' என்று ஒன்று இருக்கிறது, அதையும் கேள். அந்தத் திட்டத்தைக் கியூனி 2007-ல் தொடங்கியது. முழுநேரம் படிக்க வேண்டும், அதற்குப் பதிலாகத் தனி அட்வைசர், புத்தக உதவி, ரயில் பஸ்ஸுக்கு அட்டை என்று மூன்று வருடம் வரை தாங்கிப் பிடிக்கிறார்கள். இதையும் குலுக்கல் போட்டுத்தான் சோதித்தார்கள். மூன்று வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் இதில் 40 சதவீதம், வெளியே இருந்தவர்கள் 22 சதவீதம். ஒரு செமஸ்டர் உதவிக்கும் மூன்று வருட உதவிக்கும் உள்ள வித்தியாசம் அது. சேரும்போது அதிகக் கிரெடிட் கையில் இருந்தால் எடுக்கமாட்டார்கள், அதனால் முதல் வருடம் நிதானமாகப் போவது அந்த வகையிலும் நல்லதுதான்.

கடை நேரத்துக்கு என் யோசனை: கட்டுகள் பல நேரங்களில் இருக்கும், காலை 9 மணி தொடங்கி மதியம் முடிகிற கட்டு இருக்கிறதா என்று அட்வைசரிடம் கேள். இடங்கள் 25 தான், காலைக் கட்டு முதலில் நிரம்பிவிடும். நாளைக்கே மெயில் போடு. கடைக்காரர் நம்மூர் ஆள் என்று எழுதியிருந்தாயே, அவரிடம் வகுப்பு அட்டவணையை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடு. வாயால் சொன்னால் நவராத்திரி, தீபாவளி வாரத்தில் கூப்பிட்டுவிடுவார், உன்னாலும் மறுக்க முடியாது. அந்த வாரங்களில்தான் இங்கே மிட்டெர்ம் என்கிற செமஸ்டர் நடுப் பரீட்சையும் வரும்.