பிளஸ் டூ குரூப்பைத் தாண்டி ஒரு டிகிரி: ஸ்ரீசிட்டி கிரியாவில் சேர்க்கலாமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகள் பிளஸ் டூவில் மேத்ஸ்-பயாலஜி குரூப். இன்ஜினியரிங் வேண்டவே வேண்டாம் என்கிறாள். பொருளாதாரமும் வரலாறும் பிடிக்குமாம். ஸ்ரீசிட்டியில் இருக்கும் கிரியா பல்கலைக்கழகம் மாதிரி லிபரல் ஆர்ட்ஸ் இடத்தில் சேர்த்தால் டிகிரி செல்லுமா? போடுகிற பணத்துக்குத் தகுமா?"

செல்லுமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். செல்லும். தனியார் பல்கலைக்கழகங்கள் மாநிலச் சட்டத்தின் கீழ் உருவாகின்றன. கிரியா 2018-ல் ஆந்திராவில் தொடங்கப்பட்டது, இளங்கலையின் முதல் பேட்ச் 2019. எந்தத் தனியார் பல்கலையாக இருந்தாலும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) இணையதளத்தில் உள்ள பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலைதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: பிற்காலத்தில் தமிழ்நாட்டில் அரசு ஆசிரியர் வேலை என்ற எண்ணம் இருந்தால், பட்டச் சான்றிதழில் மேஜர் (முதன்மை) பாடத்தின் பெயர் எப்படி அச்சாகும் என்று இப்போதே கேளுங்கள். வழக்கத்தில் இல்லாத பெயராக இருந்தால் இணைத்தன்மை அரசாணை, அதாவது இந்தப் பட்டமும் வழக்கமான பட்டமும் சமம் என்ற அரசு உத்தரவு, கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

லிபரல் ஆர்ட்ஸ் என்றதும் ஓவியம், நாடகம் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை, பல துறைப் பாடங்களையும் கலந்து படிக்கும் முறை இது, இயற்பியலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் இதற்குள் வரும். முதல் வருடம் எல்லோரும் பொதுவான அடிப்படைப் பாடங்களைப் படிக்கிறார்கள், மேஜரை அப்புறம்தான் தேர்வு செய்கிறார்கள். பதினைந்து வயதில் குரூப் எடுத்த நாளிலேயே பாதை பூட்டிவிடும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். நீங்கள் பணம் கொடுப்பது பெரும்பாலும் இந்த அவகாசத்துக்குத்தான் என்பது என் கருத்து. யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட இளங்கலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படியே, மூன்றாண்டுப் பட்டத்துக்கான 120 கிரெடிட்டில் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் புள்ளிகள்) மேஜருக்குக் குறைந்தது 60 இருந்தால் போதும். அதாவது பாதிப் படிப்பு மேஜருக்கு வெளியே இருக்கலாம்.

ஆனால் அந்த அவகாசத்திலேயே ஒரு பொறியும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பையன், வேறொரு கல்வி நிறுவனத்தில், முதல் வருடம் முழுக்கத் தத்துவம், சினிமா என்று ஆசை ஆசையாக எடுத்துவிட்டு இரண்டாம் வருடம் பொருளாதாரம் வேண்டும் என்று போய் நின்றான். கால்குலஸ் பாடத்தை எடுக்காததால் மேஜருக்குள் நுழைய முடியவில்லை, ஒரு செமஸ்டர் அப்படியே போனது. உங்கள் மகளுக்குப் பள்ளியில் கணிதம் இருந்தது நல்லது, ஆனாலும் மேஜருக்கு முன்பே முடித்திருக்க வேண்டிய பாடங்களின் பட்டியலைச் சேருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மேஜரில் எத்தனை முழுநேரப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று பேர்தான் என்றால், மூன்றாம் வருடம் வரும்போது விருப்பப் பாடம் என்று பெயருக்குத்தான் இருக்கும்.

செலவைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் போடும் டியூஷன் கட்டணத்தோடு விடுதி, மெஸ், டெபாசிட் எல்லாவற்றையும் கூட்டி, மூன்று வருடத்தில் முடித்தால் எவ்வளவு, ஹானர்ஸுக்காக நான்காம் வருடமும் படித்தால் எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். குடும்ப வருமானத்தை வைத்துக் கட்டண உதவி தருகிறார்கள் என்றால் கூச்சப்படாமல் விண்ணப்பியுங்கள். அது விடுதிக்கும் சேர்த்தா, வருடாவருடம் எந்த மதிப்பெண்ணுக்குத் தொடரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும்.

விண்ணப்பத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் தயவுசெய்து மகளே எழுதட்டும். "சிறு வயதிலிருந்தே எனக்கு..." என்று தொடங்கும் கட்டுரைகளைப் படித்துப் படித்து அட்மிஷன் ஆட்களுக்கே அலுத்திருக்கும், மாமா எழுதிக் கொடுத்தது நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நான்காம் வருடம் தேவையா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆராய்ச்சிக்கோ வெளிநாட்டு முதுகலைக்கோ போவதாக இருந்தால் பயன்படும், நான்காண்டு ஹானர்ஸ் முடித்தவர்களுக்கு ஒரு வருட முதுகலைக்கும் இப்போது வழி இருக்கிறது. உடனே வேலை வேண்டும் என்றால் மூன்றோடு முடிப்பதில் தவறில்லை.

பணம் கட்டும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். சென்னையிலிருந்து சூலூர்பேட்டை புறநகர் ரயிலில் ஏறினால் தடாவில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். சுற்றிலும் தொழிற்சாலைகள்தான், சாயங்காலம் பொடிநடையாகக் கடைத்தெருவுக்குப் போய்வரும் ஊர் இல்லை, அது மகளுக்கு ஒத்துவருமா என்று அவளே பார்க்கட்டும். அட்மிஷன் ஆபீஸ் ஆட்களோடு ஒரு மணி நேரம் பேசுவதைவிட, மெஸ்ஸில் இரண்டாம் வருட மாணவி ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, "கேட்ட மேஜர் கிடைத்ததா?" என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.