பி.ஆர். முடிவு தெரியாத மாதங்களில்

தம்பி, டொராண்டோவில் படிப்பு முடித்து வேலையும் கிடைத்துவிட்டது, ஆனால் வேலை அனுமதி அடுத்த ஆண்டோடு முடிகிறது, நிரந்தரமாகத் தங்கும் உரிமையான பி.ஆருக்கு மதிப்பெண் எட்டவில்லை, இரவு மூன்று மணிவரை போனைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இந்த மாதிரி நேரத்தில் மனதை எப்படி வைத்துக்கொண்டீர்கள் என்றும் கேட்டிருந்தீர்கள்.

எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2025க்கான பி.ஆர். இலக்கை 5 லட்சத்திலிருந்து 3,95,000 பேராகக் குறைத்தார்கள். வேலைக் கடிதத்துக்குக் கொடுத்துவந்த கூடுதல் மதிப்பெண்ணை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். இதில் உங்கள் கையில் இருப்பது கொஞ்சம்தான்: மொழித் தேர்வை இன்னொரு முறை எழுதலாம், மாகாண அரசே பி.ஆருக்குப் பரிந்துரைக்கும் நியமன வழி திறக்கிறதா என்று பார்க்கலாம், உரிமம் பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காரலாம். அதற்கென்று வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். பணம் வாங்கிக்கொண்டு வேலைக் கடிதம் தருகிறேன் என்பவர்கள் பக்கமே போகாதீர்கள். மீதி நாட்களை என்ன செய்வது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

நான் பி.ஆரோடு வந்தவன்தான். ஆனாலும் 2009 மந்தத்தில் வேலை போனது. மனைவியும் மகளும் திருச்சியில். அவர்களை இங்கே கூப்பிடுவதா, நானே கிளம்பிப் போவதா என்று தெரியாமல் டொராண்டோவின் கிழக்குப் பக்கம் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் அறையில் இருந்தேன். பகலிலும் விளக்குப் போட வேண்டிய அறை அது. பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்தத்தான் நடக்க ஆரம்பித்தேன். மன அமைதி என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. நூலகத்துக்குள் நுழைந்ததுகூட அங்கே சூடாக இருந்தது என்பதால்தான். சில வாரங்கள் போன பிறகு, நடந்த அன்று மட்டும் தூக்கம் வருவதைக் கவனித்தேன். வேலை அதன் பிறகும் உடனே கிடைத்துவிடவில்லை. ஆனால் காத்திருந்த காலம் என்னைத் தின்னாமல் இருந்தது.

நடப்பது என்றால் கடைக்குப் போய் வருவதைச் சொல்லவில்லை. போனைச் சத்தம் அடக்கிப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு மணி நேரமாவது நடக்க வேண்டும். முதல் அரை மணி கவலை கூடவே வரும். இமிக்ரேஷன் இணையதளத்தில் படித்த வரிகள் மனதில் ஓடும். ஓடட்டும், அதை அடக்கப் பார்க்க வேண்டாம். கால் வேகம் பிடித்து மூச்சு சீரானதும் கண் வெளியே பார்க்கத் தொடங்கும். எனக்கு அந்த இரண்டாவது அரை மணிதான் வேண்டியிருந்தது. நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை என்று என் பாட்டி சொல்வார். படுத்தால் பாயும் பகையாவது எப்படி என்பது எனக்கு அந்த பேஸ்மென்டில்தான் புரிந்தது.

நீங்கள் ஸ்கார்பரோவில் இருப்பதால் மெடோவேயிலிருந்து தொடங்குங்கள். உயர் மின்கம்பிகள் போகும் நீண்ட திறந்தவெளி அது; டான் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் தேசியப் பூங்கா வரை 16 கிலோமீட்டர். வெறும் புல்லாக வெட்டிவந்த இடத்தில் இப்போது காட்டுப் பூக்களை வளர்க்கிறார்கள். கோடையில் மில்க்வீட் செடியைப் பாருங்கள். கிள்ளினால் பால் வரும். நம் ஊர் எருக்குக்கு உறவு. மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு அந்தக் குடும்பத்துச் செடிகளைத்தான் தின்னும். இலையைத் திருப்பி அந்தக் கறுப்பு, மஞ்சள், வெள்ளைக் கோட்டுப் புழுவை முதல் தடவை பார்த்தபோது, சின்ன வயதில் எங்கள் தெருவோர எருக்கஞ்செடியில் வரிப்புழு தேடியது நினைவுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டேன். செப்டம்பர் கடைசியில் ஹைலண்ட் கிரீக் ஓடைப் பக்கம் போனால் ஏரியிலிருந்து சால்மன் மீன்கள் ஓடையில் ஏறி வருவதைப் பாலத்தில் நின்றே பார்க்கலாம்.

இந்த ஓடைப் பள்ளங்களில் ஏன் வீடுகள் இல்லை தெரியுமா? 1954 அக்டோபரில் ஹேசல் புயல் வந்தபோது கனடாவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற தெருவில் பல வீடுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் வெள்ளம் ஏறும் நிலத்தில் வீடு கட்டுவதைத் தடுத்து, பள்ளத்தாக்கு நிலங்களை வாங்கிப் பூங்காக்களாக வைத்தார்கள். வீட்டு விலை இப்படி இருக்கும் நகரத்தின் நடுவே இவ்வளவு மரமும் தண்ணீரும் நமக்கு இலவசமாகக் கிடைப்பது அதனால்தான்.

குளிர்காலம் பற்றிப் பயமா? டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். அதனால் மதிய உணவு இடைவேளையில் நடங்கள். நல்ல பூட்ஸுக்குச் செலவு செய்யுங்கள், மற்றதில் மிச்சம் பிடிக்கலாம். பனி உறைந்து வழுக்கும் நாளில் ஸ்கார்பரோ டவுன் சென்டர் வணிக வளாகத்துக்குள் சுற்றி வந்தாலும் போதும்.

படிப்பதில் நான் கண்டிப்பு. நீங்கள் இப்போது இரவு முழுக்கப் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்: வதந்தி, ஊகம், யூடியூபின் சிவப்பு எழுத்துத் தலைப்பு. அது மனதைக் கிளறிவிட்டு நடுவில் விட்டுவிடுகிறது. முந்நூறு, நானூறு பக்கத் தமிழ் நாவல் ஒன்றை எடுங்கள். வேறொருவர் வாழ்க்கைக்குள் போய் அவருக்காகக் கவலைப்படும்போது நம் கவலை கொஞ்ச நேரம் கையை விடும். அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று பயந்த எனக்கு, அடுத்த அத்தியாயத்தில் என்ன ஆகுமோ என்று காத்திருப்பது பெரிய விடுதலையாக இருந்தது. சுயமுன்னேற்றப் புத்தகங்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் சரியாக முயலவில்லை என்றே அவை சொல்லிக்கொண்டிருக்கும். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை.

மால்வர்ன், சீடர்பிரே போன்ற நூலகக் கிளைகளில் தமிழ் அடுக்கே இருக்கிறது. டொராண்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள். எந்தக் கிளைப் புத்தகத்தையும் உங்கள் பக்கத்துக் கிளைக்கு வரவழைக்கலாம். தாமத அபராதத்தையும் எடுத்துவிட்டார்கள்.

விடுமுறை நாளில் யாங் தெருவில் இருக்கும் குறிப்புதவி நூலகத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். 1977இல் திறந்த கட்டடம், உள்ளே ஐந்து மாடியும் ஒரே வெளியாகத் திறந்திருக்கும். அதை வடிவமைத்தவர் ரேமண்ட் மோரியாமா. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக, கனடாவில் பிறந்த அந்தச் சிறுவனைக் குடும்பத்தோடு பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்லோகன் முகாமுக்கு அனுப்பினார்கள். அப்பாவைப் பிரித்து ஒன்டாரியோவில் வேறு முகாமில் வைத்தார்கள். சிறுவயதில் தீப்பட்ட வடுக்கள் மற்றவர் கண்ணில் படாமல் இருக்க அவர் ஆற்றங்கரைக்குத் தனியாகப் போவார்; அங்கே மரத்தின் மேல் ஒரு சின்னக் குடில் கட்டிக்கொண்டார். அதுதான் அவர் கட்டிய முதல் கட்டடம். 2023இல் காலமானார். எப்போது விடுவார்கள் என்று தெரியாத இடத்தில் தனக்கென்று ஓர் இடம் செய்துகொண்ட பையன், பின்னாளில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய இப்படி ஓர் இடத்தை இந்த ஊருக்குக் கட்டிக் கொடுத்தார். அங்கே உட்கார்ந்து படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் நன்றி பொங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடந்தும் படித்தும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், வாழ்வதே வீண் என்ற எண்ணம் வந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அம்மாவிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நன்றாக இருக்கிறேன் என்று தினமும் நடிப்பது தனிக் களைப்பு.

சரி, இந்த வாரமே பெயரும் முகவரியும் காட்டும் அடையாள ஆவணத்தோடு பக்கத்துக் கிளைக்குப் போய் நூலக அட்டை எடுங்கள். சனிக்கிழமை காலையில் நான் தாம்சன் பூங்காவிலிருந்து மெடோவேயில் கிழக்கே நடப்பது வழக்கம். வருவதானால் வெள்ளிக்கிழமையே சொல்லுங்கள், சேர்ந்து போகலாம். தமிழ் நாவல்கள் என்னிடமும் இருக்கின்றன, இரண்டு எடுத்து வருகிறேன்.