கேள்வி-பதில்: ‘சின்ன’ அணுகுண்டு எவ்வளவு சின்னது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, ‘சின்ன அணுகுண்டு’ பற்றிய டிவி விவாதம் பார்த்த கையோடு எழுதியவை. குண்டின் வலிமையை இத்தனை டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம் என்று அளப்பார்கள்; அந்த டன்னுக்கும் கிலோ டன்னுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்று போன தடவையும் சொன்னேன். இப்போதும் சொல்லியாயிற்று.

அமெரிக்க அதிபரின் மேசையில் சிவப்புப் பொத்தான் இருக்கிறதாமே? (தேனி)

இல்லை. கூடவே வரும் ராணுவ அதிகாரியிடம் அணுத் தாக்குதலுக்கு உத்தரவிட உதவும் ஒரு பெட்டி, அதிபரிடம் ஓர் அட்டை. அட்டையின் செல்லப் பெயர் ‘பிஸ்கட்’. உத்தரவிடுவது அதிபர்தான் என்று காட்டுவதற்கே அதிலுள்ள குறியீடு. ஏவுவது வேறு ஆட்கள்.

ஈரான் 60% வரை செறிவூட்டியது. குண்டுக்கு 90% வேண்டும். அப்படியென்றால் மூன்றில் ஒரு பங்கு வேலை பாக்கிதானே? (ஈரோடு)

கணக்கு தப்பு. செறிவூட்டுவதை அரிசியில் கல் பொறுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களில் 7 மட்டுமே நமக்கு வேண்டிய 235 வகை. மீதி 993உம் கல். 4% ஆக்குவதற்குள்ளேயே 825 கல் போய்விடும். 60% ஆகும்போது மிச்சம் ஐந்தே கல். அதில் நாலைப் பொறுக்கினால் 90%. தோராயக் கணக்குதான், ஆனால் பெரும்பாடு எல்லாம் தொடக்கத்தில்தான் என்பது புரியும். அப்புறம், 90% யுரேனியம் கையில் இருந்தாலே குண்டு ஆகிவிடாது.

கூடங்குளம் அணுகுண்டு மாதிரி வெடிக்குமா? (வள்ளியூர்)

வெடிக்காது. ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். அங்கே எரிபொருளில் அந்த 235 வகை 5% அளவைத் தாண்டாது. ஃபுகுஷிமாவில் நடந்ததுபோல எரிபொருள் உருகிக் கதிரியக்கம் வெளியேறுவது வேறு ஆபத்து. அதைப் பற்றித் தாராளமாகக் கேளுங்கள்.

போர்க்களத்தில் போடுவது சின்ன அணுகுண்டுதானே? ஒன்றிரண்டு போட்டால் உலகமா அழிந்துவிடும்? (சேலம்)

யார் ஐயா உங்களுக்குச் சின்னது என்று சொன்னது? ‘போர்க்கள அணு ஆயுதம்’ என்ற பெயர் அதை எங்கே, எதற்குப் போடுகிறார்கள் என்பதை வைத்து வந்தது. அளவை வைத்து அல்ல. அமெரிக்காவின் பி-61 வகைக் குண்டுகளில் 0.3 கிலோ டன்னும் உண்டு, 170 கிலோ டன்னும் இருந்தது. ஹிரோஷிமாவில் போட்டது சுமார் 15.

அந்தப் பதினைந்து என்ன செய்தது? 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. ஷிமா என்ற ஆஸ்பத்திரிக்கு மேலே சுமார் 600 மீட்டரில் வெடித்தது. குண்டில் இருந்தது 64 கிலோ யுரேனியம். அதில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆற்றலாக மாறிய எடையோ ஒரு கிராம்கூட இல்லை, ஒரு மூக்குத்தி அளவு. வங்கி வாசல் படியில் உட்கார்ந்திருந்த ஒருவர் இருந்த இடத்தில் கறுப்பு நிழல் மட்டும் மிஞ்சியது. ஆண்டு முடிவதற்குள் செத்தவர்கள் ஏறக்குறைய 1.4 லட்சம். ஸ்டுடியோவில் உட்கார்ந்துகொண்டு ‘சின்னது’ என்பவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

சரி, நிஜமாகவே சின்னதைத்தான் போட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வாங்கிக்கொண்டவன் அளந்து பார்த்தா பதில் கொடுப்பான்? பாகிஸ்தானின் நஸ்ர் ஏவுகணை 70 கிலோமீட்டர் போகும். முன்னேறி வரும் இந்தியப் படையைத் தடுக்க என்றே செய்தது. இந்தியாவின் 2003 கொள்கை என்ன சொல்கிறது? முதலில் நாம் போடமாட்டோம். ஆனால் இந்திய மண்ணிலோ, எங்கேயுள்ள இந்தியப் படை மீதோ அணு ஆயுதம் விழுந்தால் பதிலடி மிகப் பெரிதாக இருக்கும். சின்னது, பெரிது என்ற பேச்சே அதில் இல்லை. அமெரிக்கா 1983இல் நடத்திய ஒரு போர் ஒத்திகையும் அளவான அடியில் தொடங்கி முழு அணுப் போரில்தான் போய் நின்றது.

உக்ரைன் அணுகுண்டுகளைக் கொடுத்தது முட்டாள்தனமா? (மதுரை)

அவை சோவியத் யூனியன் உடைந்தபோது அங்கே மிஞ்சியவை. துப்பாக்கி உக்ரைன் வீட்டில், விசை மாஸ்கோவில். ஏவும் குறியீடு உக்ரைனிடம் இல்லை. குண்டுகளைக் கொடுத்ததற்கு 1994இல் புடாபெஸ்டில் அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யாவிடமிருந்து கிடைத்ததும் எல்லையை மதிப்போம் என்ற உறுதிதான். படை அனுப்பிக் காப்போம் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை.

இந்தியாவிடம் எத்தனை, பாகிஸ்தானிடம் எத்தனை? அவர்களுடைய அணு நிலையங்கள் எங்கே என்று நமக்குத் தெரியுமா? (கரூர்)

இந்தியாவிடம் ஏறக்குறைய 180, பாகிஸ்தானிடம் ஏறக்குறைய 170. எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், எதில் வைத்து ஏவுவார்கள் என்று கேளுங்கள் என எத்தனை முறை சொல்வது! இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. தெரியும், அவர்களே தருகிறார்கள். 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரு நாடுகளும் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. கார்கில் முடிந்த அடுத்த ஜனவரியிலும் அது நிற்கவில்லை.