கரையாத கட்டி: பயாப்சிக்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. மூன்று வருடங்களுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. டாக்ரோலிமஸ், பிரட்னிசலோன் சாப்பிடுகிறார். நான்கு மாதங்களாக முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டி இருக்கிறது. வலியோ காய்ச்சலோ இல்லை. இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் கரையவில்லை. படர்தாமரைக் களிம்பும் தடவிப் பார்த்தோம். அரிதான பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், பயாப்சி எடுக்க வேண்டும் என்கிறார் தோல் மருத்துவர். இந்த உடம்பில் கத்தி வைக்கப் பயமாக இருக்கிறது. மாத்திரையிலேயே சரிசெய்ய முடியாதா?

பதில்: பயாப்சி எடுத்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சில மில்லிமீட்டர் அளவுக்குத் தோலை எடுப்பார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்கு இதனால் பாதிப்பு வராது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வலியும் காய்ச்சலும் இல்லை என்று நீங்கள் ஆறுதல் அடைவது புரிகிறது. ஆனால் கிருமி உள்ளே வந்ததும் வீக்கம், சூடு, வலி என்று ஆர்ப்பாட்டம் செய்வது நம் எதிர்ப்பு சக்திதான். அதைத்தானே அப்பாவின் மாத்திரைகள் அடக்கி வைத்திருக்கின்றன? அதனால் இவர்களுக்குப் பெரிய தொற்றுகூடச் சத்தமில்லாமல் வளரும்.

எக்ஸோஃபியாலா, ஆல்டர்னேரியா போன்ற பூஞ்சைகள் மண்ணிலும் செடிகளிலும் மக்கிய மரத்திலும் இருப்பவை. முள்ளோ சிராய்ப்போ வழியாக உள்ளே போகும். குத்தியது மறந்து, மாதங்கள் கழித்து இப்படி ஒரு கட்டி தலைகாட்டும். இவற்றின் உடலிலேயே மெலனின் என்ற கருநிறமி உண்டு, அதனால் கருநிறப் பூஞ்சை என்பார்கள். கொரோனா காலத்தில் கறுப்புப் பூஞ்சை என்று பேசப்பட்டது வேறு. அங்கே கறுத்தது பூஞ்சை அல்ல, செத்துப்போன சதை. படர்தாமரைப் பூஞ்சை தோலின் மேலடுக்கைத் தின்று வாழ்வதால் அதைக் களிம்பு எட்டிவிடும். இது ஆழத்தில் இருப்பதால் எட்டாது. களிம்பை நிறுத்திவிடுங்கள், ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் நோயை வளர்க்கவும் செய்யும்.

அதே கட்டி காசநோய் வகைக் கிருமியாக இருக்கலாம், நோகார்டியா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம், தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மருந்தோ ஒவ்வொன்றுக்கும் வேறு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. எடுத்த சதையை இரண்டு பாட்டில்களில் அனுப்பச் சொல்லுங்கள். ஒன்று ஃபார்மலினில், நுண்ணோக்கியில் பார்க்க. இன்னொன்று வெறும் சலைனில், கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். அதில் போட்டதை வளர்த்துப் பார்க்க வழியே இல்லை. பூஞ்சை இருப்பது தெரிந்தும் எந்தப் பூஞ்சை என்று தெரியாமல், மறுபடி சதை எடுக்க வேண்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம். பரிசோதனைச் சீட்டில் ‘சிறுநீரக மாற்று நோயாளி, பூஞ்சை மற்றும் காசநோய்க் கல்ச்சர் தேவை’ என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தப் பூஞ்சைகள் மெதுவாக வளர்பவை. நான்கு வாரம்கூட ஆகலாம், பொறுத்திருங்கள்.

முடிவு வருவதற்குள் தலைவலி, இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் ஏதாவது வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை பெரும்பாலும் நுரையீரலில் தொடங்கி மூளைவரை போகும். தோலில் தெரிவது அதன் வெளி அடையாளமாக இருக்கலாம். தோல் மளமளவென்று கறுத்துப் பரவினாலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

கருநிறப் பூஞ்சை என்று உறுதியானால், ஒரே கட்டி என்பதால் அதை முழுமையாக வெட்டி எடுக்க முடியலாம். கூடவே இட்ராகோனசோல் போன்ற பூஞ்சைக்கான மாத்திரை, பெரும்பாலும் சில மாதங்களுக்கு. இங்கேதான் கவனம் வேண்டும். இட்ராகோனசோல், டாக்ரோலிமஸைக் கல்லீரல் உடைக்கவிடாமல் தடுக்கும். இரத்தத்தில் டாக்ரோலிமஸ் ஏறிக்கொண்டே போய்ச் சிறுநீரகத்தையே கெடுக்கும். எனவே முதல் மாத்திரை விழுங்கும் முன்பே சிறுநீரக மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அவர் டாக்ரோலிமஸைக் குறைத்து, அடிக்கடி இரத்த அளவு பார்ப்பார். நீங்களாகக் குறைக்காதீர்கள். இதய பலவீனம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு கொடுங்கள். அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரை சேர்ந்தால் இந்தக் காப்ஸ்யூல் உடம்பில் சரியாகச் சேராது.

பலரும் கோட்டைவிடுவது சிகிச்சை முடியும்போதுதான். இட்ராகோனசோலை நிறுத்தியதும் டாக்ரோலிமஸ் அளவு இறங்கத் தொடங்கும். பழைய அளவுக்கு மாற்றாவிட்டால் உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்கும் ஆபத்து உண்டு. மாத்திரை தொடங்கும் தேதி மட்டுமல்ல, நிறுத்தும் தேதியும் சிறுநீரக மருத்துவரின் கையில் எழுத்தில் இருக்கட்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: இந்தக் கருநிறப் பூஞ்சைகள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுபவை அல்ல. அப்பாவின் துணியையும் தட்டையும் தனியாக வைக்கத் தேவையில்லை.